பின்வாசலில் சர்க்கரை கேட்டவர்கள்

என் அன்புக்கும் பயத்துக்கும் ஒருங்கே உரிய வீட்டு அம்மாவுக்கு, மூன்று வாரமாகத் தனிக்குடித்தனம் நடத்தும் உன் கணவன் எழுதிக்கொள்வது.

நீயும் மகளும் மாப்பிள்ளையும், பிறந்து இருபத்திரண்டே நாளான பேத்தியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சௌக்கியம். வீடு சௌக்கியம். நீ சொல்லிவிட்டுப் போனபடி கேஸை இரண்டு தடவை பார்த்து மூடுகிறேன், செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறேன், வாடியது ஒன்றுதான். தினமும் போனில் பேசுகிற மனுஷன் திடீரென்று கடிதம் எழுதுகிறாரே என்று பதறாதே. போனில் நான் விஷயத்துக்கு வருவதற்குள் "இருங்க, குழந்தை முழிச்சிடுச்சு" என்று வைத்துவிடுகிறாய். இது ஒரு மூச்சில் சொல்லி முடிக்கிற சமாசாரம் இல்லை. மேலும் என் உத்தியோகத்தில் எழுத்தில் இல்லாத எதுவும் நடந்ததாகவே கணக்கில்லை. நம் வீட்டுச் சமையலறையில் ஏழு மாதமாக நடந்ததெல்லாம் எழுத்தில் இருக்கிறது, உன் கையெழுத்திலேயே இருக்கிறது. எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. எங்கேயாவது உட்கார்ந்துகொண்டு மேலே படி.

முதலில் ஆபீஸ் கதையைச் சொல்லிவிடுகிறேன். புதிதாக வந்திருக்கும் மனிதவள அதிகாரி அம்மா எல்லாருக்கும் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார். இடது பக்கம் "பொறுப்புகள்", வலது பக்கம் "இந்த ஆண்டு இலக்குகள், அளந்து பார்க்கத் தக்கவை". பாதுகாப்பு அதிகாரியாக இந்தத் தகர டப்பா ஃபாக்டரியில் எனக்குப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. என் வேலை என்ன என்று இதுவரை ஒருத்தரும் எழுதிக் கேட்டதில்லை. விழக்கூடியதன் கீழே யாரும் நிற்காமல், சூடானதை யாரும் தொடாமல், சுற்றுவதில் யாருடைய துணியும் மாட்டாமல் பார்த்துக்கொள்வது. இதில் எழுத என்ன இருக்கிறது? நான்கு நாள் பேனாவைக் கடித்துவிட்டு இடது பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதினேன். "காலையில் வந்த நூற்று எண்பத்தாறு பேரும் சாயங்காலம் வந்தபடியே வீட்டுக்குப் போக வேண்டும்." அந்த அம்மா அதை இரண்டு தடவை படித்தார்.

"நல்லாத்தான் இருக்கு சார். ஆனா இதை எப்படி அளப்பீங்க?"

"கேட்ல நின்னு எண்ணுவேன்மா."

"ஆளை எண்ணினா போதுமா?"

"விரலையும் சேர்த்து எண்ணலாம். தலைக்குப் பத்து. ஃபோர்மேனுக்கு மட்டும் ஒன்பது, அது நான் வர்றதுக்கு முன்னாடியே போனது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "இலக்குன்னா ஒரு நம்பர் வேணும் சார். போன வருஷம் என்ன போட்டிருந்தாங்க?" பூஜ்யம் என்றேன். "அதையே போட்டுடுங்களேன். பார்க்க அழகா இருக்கு."

அழகாகத்தான் இருந்தது. உனக்குத் தெரியாததா? கேட் பக்கத்தில் "காயமில்லாத நாட்கள்" என்று அந்தப் பெரிய போர்டை மாட்டியதிலிருந்து, தினமும் காலையில் ஏணியில் ஏறி நம்பரை மாற்றிக்கொண்டிருந்தது நான்தான். போன வாரம் இருநூற்றுப் பதினொன்று. தினமும் சாயங்காலம் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே "இன்னைக்கும் பூஜ்யம்" என்று உன்னிடம் சொல்வேன். நீ டீயைக் கையில் கொடுத்து "சந்தோஷம்" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று உள்ளே போய்விடுவாய். மகளின் பிரசவக் கவலை என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்தப் பூஜ்யம் உடைந்தால் என்னை அனுப்பிவிட்டு, வாரம் ஒரு தடவை வந்து எட்டிப் பார்க்கும் ஏதோ ஒரு வெளி ஏஜென்சிக்கு வேலையைக் கொடுத்துவிடுவார்கள் என்ற பேச்சு எனக்குத் தெரியும். அது ஃபாக்டரி முழுக்கத் தெரியும் என்பதுதான் எனக்குத் தெரியாது.

நீ ஊருக்குப் போன மறுநாள் சாயங்காலம் பின்வாசல் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் நம்ம ஸ்டோர் கிளார்க். கையுறை, சோப்பு, பஞ்சு, பிளாஸ்திரி எல்லாம் அவர் பொறுப்பில்தான் இருக்கிறது; ஏழு மாதமாக ஒரு பிளாஸ்திரிகூடச் செலவாகவில்லை என்று நிர்வாகத்தில் பாராட்டு வாங்கியவர். என்னைப் பார்த்ததும் பேயைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டார். வலது கை பாக்கெட்டுக்குள் இருந்தது.

"அக்கா இல்லையா சார்?"

"மக வீட்டுக்குப் போயிருக்கா. என்ன வேணும்?"

"ஒண்ணுமில்ல சார். கொஞ்சம்... கொஞ்சம் சர்க்கரை கேட்கலாம்னு."

கொடுத்தேன். இடது கையால் வாங்கிக்கொண்டு போனார். மரியாதை தெரிந்த மனிதர் ஏன் இடது கையை நீட்டுகிறார் என்று கொஞ்சம் வருத்தமாக இருந்தது, அவ்வளவுதான். அடுத்த நாள் பேக்கிங் பிரிவிலிருந்து ஒரு பெண், அவளுக்கும் சர்க்கரை. அதற்கடுத்த நாள் வெல்டர், முழங்கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, அவருக்கும் சர்க்கரை. ஒரே நாளில் மூன்று பேர் வந்தார்கள். ஒருத்தர் வாசலில் நிற்கும்போதே இன்னொருத்தர் மதில் ஓரமாகப் பதுங்குவது தெரிந்தது. வாட்ச்மேன் நொண்டிக்கொண்டே வந்து, சர்க்கரையைக்கூடக் கேட்கத் தோன்றாமல், "அக்கா எப்ப சார் வருவாங்க?" என்று கேட்டபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் இரண்டு கிலோ சர்க்கரை வாங்கி வைத்தேன். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் நீ வீட்டில் இல்லாததற்கு நான் ஒருத்தன் மட்டும்தான் ஏங்குகிறேன் என்று இறுமாந்திருந்தேன். ஒரு ஷிஃப்டே ஏங்குகிறது.

இந்த நிலையில் பதினைந்தாம் நாள் டப்பாவில் சர்க்கரை தீர்ந்துவிட்டது, வாங்கி வைத்த பொட்டலத்தை எங்கே வைத்தேன் என்று மறந்துவிட்டது. ஸ்டூலைப் போட்டு மேல் தட்டில் துழாவினேன். (ஸ்டூலின் நான்கு காலும் தரையில் ஊன்றியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏறினேன்.) பருப்பு டப்பாவுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின். திறந்தால் பஞ்சு, கட்டுத் துணி, கத்தரிக்கோல், காய மருந்து மூன்று விதம், தீக்காயக் களிம்பு ஒன்று. ஃபாக்டரியில் என் மேஜைக்குப் பின்னால் சுவரில் தொங்கும் முதலுதவிப் பெட்டியைவிட ஒழுங்காக இருந்தது. அதற்கு அடியில் மகள் ஆறாம் வகுப்பில் பாதி எழுதிவிட்டு விட்ட பூகோள நோட்டு. மீதிப் பாதியில் உன் கையெழுத்து. தேதி, ஆள், காயம், எந்த இடம், எந்த மெஷின், என்ன மருந்து போட்டாய் என்பது வரை. "வெல்டர். வலது முழங்கை, சூடு. வாய் ரொம்ப." "ஃபோர்மேன். புருவத்தில் இடி. குழந்தை மாதிரி அழுகிறார், வெளியே சொல்லக்கூடாதாம்." "வாட்ச்மேன். கணுக்கால். இரண்டு நாள் உட்காரச் சொன்னேன், கேட்க மாட்டார்." முப்பத்துநான்கு பேர். என் இருநூற்றுப் பதினொரு நாளுக்குள் முப்பத்துநான்கு காயம்.

நான் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். முதலில் வந்தது கோபம்தான், மறைக்க மாட்டேன். ஊருக்கெல்லாம் பாதுகாப்பு சொல்கிறவனை உன் புருஷன் என்றும் பார்க்காமல் இப்படிக் கோமாளி ஆக்கிவிட்டாயே என்று இரண்டு பக்கம் எழுதினேன், கிழித்தேன். பிறகு யோசித்தேன். ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுகிற ஒரு பாதுகாப்பு அதிகாரியிடம் எவன் கையை நீட்டுவான்? போர்டு வருவதற்கு முன்பு கிரேன்காரருக்கு நகம் பெயர்ந்தபோது என்ன ஆயிற்று? அவர் தன் நகத்தை மறந்துவிட்டு என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்கு நான் துணைக்குப் போனேனா, அவர் எனக்குத் துணைக்கு வந்தாரா என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. அதனால் கோபம் போய்விட்டது. நோட்டை மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் அது கண்ணில் பட்டது. முப்பத்துநான்கில் பதின்மூன்று பேருக்கு ஒரே காயம், இடது கட்டைவிரல். பதின்மூன்றும் ஒரே இடம், தகடு வெட்டும் மூன்றாம் நம்பர் மெஷின். பன்னிரண்டாவது ஆளுக்கு நேரே நீ இரண்டு கோடு போட்டு எழுதியிருக்கிறாய்: "இவனும் மூணாம் நம்பர்தானாம். வெட்டு ஆழமாகிக்கொண்டே வருகிறது. அவரிடம் எப்படிச் சொல்வது, சந்தோஷமாக இருக்கிறாரே." அம்மா, அதைப் படித்துவிட்டு நான் அழுதேன். என் சந்தோஷம் உனக்கு இவ்வளவு பாரமாக இருந்ததா? தினமும் டீயைக் கொடுத்துவிட்டு உள்ளே போய் நீ என்ன பாடு பட்டிருப்பாய்.

மறுநாள் காலையில் சாவிக்கொத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். நான் வருகிறேன் என்பது அந்தச் சத்தத்திலேயே நான்கு மெஷின் தள்ளித் தெரிந்துவிடுமாம். சத்தமில்லாமல் போய் மூன்றாம் நம்பர் எதிரே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கை உள்ளே போகாமல் தடுக்கிற கம்பிக் கதவை மேலே தூக்கிச் சணல் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். தகடு நடுவில் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் அதை ஓட்டுகிற பெண் இடது கையை விட்டு இழுக்கிறாள், அதற்குள் மேலே இருந்து கத்தி இறங்குகிறது. இரண்டு தடவை பார்த்தேன். மூன்றாவது தடவை பார்க்க நெஞ்சில் தெம்பில்லை, போய் மெஷினை நிறுத்திவிட்டேன்.

"கதவை எதுக்கும்மா கட்டி வச்சிருக்கே?"

"ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்து எடுத்தா எண்ணிக்கை குறையுது சார்."

"தகடு மாட்டுதுன்னு எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள். "சொன்னா நீங்க எழுதணும். எழுதினா போர்டுல நம்பர் போயிடும். நம்பர் போனா உங்களை அனுப்பிடுவாங்க. உங்க இடத்துக்கு யாரோ வருவாங்க. அவங்க வீட்ல அக்கா இருப்பாங்களா?"

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஏணிதான். நேரே கேட்டுக்குப் போய் ஏணியைச் சாத்தி ஏறினேன். கீழே ஏழெட்டுப் பேர் ஓடி வந்து பிடித்துக்கொண்டார்கள். ஏணியைப் பிடித்தார்களா, ஏறாமல் இருக்க என் காலைப் பிடித்தார்களா என்று சொல்ல முடியாது. இருநூற்றுப் பதினொன்றைக் கழற்றிவிட்டுப் பூஜ்யத்தை மாட்டினேன். உற்பத்தி மேனேஜர் வெளியே ஓடி வந்தார்.

"என்ன சார் பண்றீங்க? யாருக்கு என்ன ஆச்சு?"

மூன்றாம் நம்பர் பெண் இடது கையை உயர்த்திக் கட்டைவிரலைக் காட்டினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தர், அப்புறம் இன்னொருத்தர். கூட்டத்தில் ஒவ்வொரு கட்டைவிரலாக மேலே எழும்பியது. மேனேஜர் தன்னைத்தான் எல்லாரும் பிரமாதம் என்கிறார்கள் என்று நினைத்து ஒரு நிமிஷம் சிரித்தே விட்டார். அப்புறம் ஒவ்வொரு விரலிலும் இருந்த தழும்பைப் பார்த்தார். ஆனாலும் மனிதர் கெட்டிக்காரர். "உங்க ரெஜிஸ்டர்ல ஒரு காயம்கூட இல்லையே சார். என்னைக்கு, எத்தனை மணிக்கு, எந்த மெஷின்ல? எழுத்துல இருந்தா கொண்டு வாங்க. பத்து நாள் டைம். இல்லேன்னா மூணாம் நம்பர் மறுபடி ஓடும்" என்றார். என் வாயால் நான் பத்தொன்பது வருஷமாகச் சொல்லி வந்ததை எனக்கே திருப்பிச் சொன்னார்.

எழுத்தில் இருக்கிறது. உன் நோட்டில் மட்டும்தான் இருக்கிறது. அதைக் கொடுத்தால் மூன்றாம் நம்பரை அவர்களால் ஓட்ட முடியாது, புது மெஷின் வாங்கியே ஆக வேண்டும். ஆனால் ஏழு மாதமாக நான் எழுதி அனுப்பியதெல்லாம் பொய் என்றும் ஆகிவிடும், என் வேலை அநேகமாகப் போய்விடும். கொடுக்காவிட்டால் வேலை இருக்கும், அந்தப் பெண்ணின் கை இருக்காது. இதில் நான் எதைச் செய்வேன் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் நோட்டு உன்னுடையது. உன் வார்த்தை இல்லாமல் தர மாட்டேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் போனில் "சரி" என்று ஒரே வார்த்தை சொல். ஃபோர்மேன் அழுத பக்கத்தை மட்டும் ஒரு காகிதம் ஒட்டி மறைத்துவிடுகிறேன்.

படிவத்தையும் நேற்று மனிதவள அம்மாவிடம் பேசி முடித்துவிட்டேன். பொறுப்பில் அந்தப் பழைய ஒற்றை வரிக்குக் கீழே இன்னொரு வரி: "அடிபட்டவர் முதலில் சொல்லத் தோன்றுகிற ஆளாக இருப்பது." வலது பக்கம் இலக்கில் நாற்பது என்று போட்டேன். அவர் கண்ணாடி மறுபடி கழன்றது.

"நாற்பது காயமா? போன வருஷம் பூஜ்யம், இந்த வருஷம் நாற்பதா? காயம் கூடணும்னு யாராவது இலக்கு வைப்பாங்களா சார்?"

"காயம் கூட வேண்டாம்மா. சொல்றது கூடணும். சின்னக் கீறலா இருந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள்ள எங்கிட்ட வந்து சொல்லணும். ரத்தம் இருந்தா கண்ணை மூடிக்கிட்டு எழுதிக்கிறேன்."

அந்த அம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தி, "போன மாசம் மாடிப்படியில வழுக்கி விழுந்தேன் சார். புதுசா வந்தவ, எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன். இன்னும் இடுப்பு வலிக்குது" என்றார். முப்பத்தொன்பது பாக்கி என்று எழுதிக்கொண்டேன். நிர்வாகம் இதை ஏற்குமா என்று அவராலும் சொல்ல முடியவில்லை. ஏற்காவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு அங்கே வந்துவிடுகிறேன். பேத்திக்குத் தொட்டில் ஆட்டுகிற வேலைக்கு அனுபவமுள்ள ஆள் தேவை என்றால் சொல்.

உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரே ஒரு ஆசைதான். இனிமேல் எனக்கு வருத்தமாக இருக்கும் என்று எதையும் என்னிடம் மறைக்காதே. வருத்தம் வந்தால் வரட்டும், இரண்டு பேராகப் பட்டுக்கொள்ளலாம். நானும் மறைக்க மாட்டேன். இந்த வயதில் நமக்குள் மறைக்க என்ன இருக்கிறது?

மாப்பிள்ளைக்கு என் அன்பு. தொட்டில் கொக்கியை ஒரு தடவை இழுத்துப் பார்க்கச் சொல். மகளைத் தலை துவட்டாமல் உட்கார விடாதே. பேத்திக்குப் பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் என் சார்பில் ஒரு முத்தம். அவள் நூறு வயது வரை கீறல் படாமல் இருக்க வேண்டும். பட்டால் உடனே யாரிடமாவது சொல்லி அழ வேண்டும். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

என்றும் உன்,
வீட்டுக்காரன்

பின்குறிப்பு: அக்காவுக்கு ஸ்டோர் கிளார்க்கின் வணக்கம். கையெழுத்தைப் பார்த்ததுமே உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும். இந்தக் கடிதம் முழுவதும் சார் சொல்லச் சொல்ல நான் எழுதியது. நேற்றுச் சாயங்காலம் குக்கர் மூடியை ஆவி அடங்குவதற்கு முன்பே திறந்துவிட்டார். வலது கை மணிக்கட்டு வரை வெந்துவிட்டது. பயப்பட வேண்டாம், டாக்டரிடம் காட்டியாயிற்று, பதினைந்து நாளில் ஆறிவிடும் என்கிறார். என்னிடம்கூட அவராகச் சொல்லவில்லை. கையுறைக் கணக்கு கேட்க வந்தவன் கட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். "அவகிட்ட எழுதாதே, பாவம், குழந்தையை விட்டுட்டு ஓடி வந்துடுவா, நான் சௌக்கியம்னே போடு" என்றார், போட்டேன். "அன்புக்கும் பயத்துக்கும்" என்று ஆரம்பிக்கும்போது என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நானும் மறைக்க மாட்டேன்" என்ற வரியில் மட்டும் கொஞ்சம் தயங்கினார், ஆனாலும் எழுதச் சொல்லிவிட்டார். இப்போது கவரை ஒட்டப் பசை தேடி உள்ளே போயிருக்கிறார், அதற்குள் இதை எழுதிவிட்டேன். ஒரு மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்பது அவரே போட்ட இலக்கு, ஒரு நாள் ஆகிவிட்டது. நீங்கள் வரும்வரை சமையலுக்கு நாங்கள் முறை வைத்துக்கொண்டோம். போனில் கேட்கும்போது, கையெழுத்தை வைத்து நீங்களாகவே கண்டுபிடித்ததாகச் சொல்லிவிடுங்கள் அக்கா. நான் சொன்னேன் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிட வேண்டாம், மனசு கஷ்டப்படுவார்.